டாலிஸ் மணலில் கோடு இழுத்த இடம்

எங்கள் மெட்ரைனே கிராமத்தில் உட்கார்ந்து காபி குடிக்கத் தெரியாத ஒரே மனிதன் டாலிஸ்தான். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சன்னலுக்குப் போவான், கதவுக்குப் போவான், அடுப்படிக்குப் போவான். கடைசியில் பாதிக் காபியை என் ஜெரேனியத் தொட்டியில் ஊற்றிவிட்டு, "வரேன் மைகா" என்று போயே போய்விடுவான். அந்தச் செடி செத்தது அவனால்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். நான் ஊராட்சி அலுவலகத்தில் கடிதமும் பதிவேடும் எழுதுகிறவள். என் இடத்துக்கு ஆள் கிடைக்காததால் ஓய்வு வயது தாண்டியும் அதே நாற்காலியில் தேய்ந்துகொண்டிருக்கிறேன். அவனைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும்.

அவன் மனைவி இங்குனா பதினைந்து வருடத்துக்கு முன்னால் மகளோடு இருக்கிறேன் என்று வென்ட்ஸ்பில்ஸுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. "வீட்டுக்குள்ள ஒரு ஆள் நடந்துக்கிட்டே இருந்தா எப்படி மைகா தூங்குறது?" என்று மட்டும் என்னிடம் கேட்டாள்.

சோவியத் கூட்டுப்பண்ணைக் காலத்தில் அவன் வடிகால் வெட்டும் இயந்திரம் ஓட்டினான். பண்ணை கலைந்ததும் காட்டுக்குள் இறங்கிவிட்டான். போரில் செத்து மண்ணுக்குள் கிடப்பவர்களைத் தேடி எடுக்கிற குழு ஒன்று எங்கள் பக்கம் உண்டு. அதில் சேர்ந்தான், காலப்போக்கில் அந்தக் குழுவே அவன்தான் என்று ஆகிவிட்டது. நீளமான இரும்புக் கம்பியை மண்ணில் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே போவான். கல்லில் பட்டால் கம்பி கணீரென்று ஒலிக்கும். வேர் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். எலும்பு மட்டும் சத்தமே போடாமல் லேசாக விலகிக் கொடுக்குமாம். அப்படி நூற்றுப் பன்னிரண்டு பேரை எடுத்திருக்கிறான். ஒவ்வொருவருக்கும் படிவம் எழுதியவள் நான். இடம், ஆழம், கூடக் கிடைத்த பொருள், கடைசியில் "எந்தப் படை" என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் தலைநகர் ரீகாவில் முடிவு செய்வார்கள்: ஜெர்மானியர் என்றால் ஒரு கல்லறைத் தோட்டம், சோவியத் என்றால் இன்னொன்று, ஜெர்மானியச் சீருடை போட்ட எங்கள் பையன்கள் என்றால் வேறொன்று, கொடியோடும் பாதிரியாரோடும்.

எங்கள் பையன்கள் இரண்டு சீருடையிலும் இருந்தார்கள். யாரையும் கேட்டுச் சேர்க்கவில்லை. ஜெர்மன்காரன் வந்தபோது அவன் பிடித்துப் போனான், ரஷ்யாக்காரன் வந்தபோது இவன் பிடித்துப் போனான். 1944 கிறிஸ்துமஸ் வாரத்தில் இந்தக் காட்டில் இரண்டு பக்கமும் ஒரே மொழியில் கத்திக்கொண்டு சுட்டுக்கொண்டார்கள்.

டாலிஸின் அம்மா எல்வீரா, வனாகி வீட்டுப் பெண். எங்கள் பக்கம் ஒவ்வொரு பண்ணை வீட்டுக்கும் பெயர் உண்டு, ஆளுக்கு முன்னால் வீட்டின் பெயரைச் சொன்னால்தான் புரியும். எல்வீராவுக்கு இரண்டு அண்ணன்கள். இருவருக்கும் இடையே பதினோரு மாதம்தான். பெரியவர் அல்ஃபோன்ஸ் வேலைக்காக ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயிருந்தபோது செம்படை அவரை இழுத்துக்கொண்டது. சின்னவர் ஃப்ரீட்ஸிஸுக்கு ஜெர்மானியச் சீருடை. அல்ஃபோன்ஸ் மெட்ரைனே காட்டில் இறந்தார் என்று பின்னால் காகிதம் வந்தது. ஃப்ரீட்ஸிஸுக்குக் காகிதம் வரவே இல்லை. அதே வாரம் அதே காட்டில் அவரைப் பார்த்ததாக ஒருவர் சொன்னதோடு சரி.

கடைக்கு எதிரே 1975இல் ஒரு கான்கிரீட் பலகை வைத்தார்கள். உச்சியில் நட்சத்திரம், "விடுதலை தந்த வீரர்களுக்கு" என்று எழுத்து, கீழே முப்பத்தொரு பெயர். பதினேழாவது பெயர் அல்ஃபோன்ஸ். காட்டு ஓரத்தில் மரக் குச்சி நட்டுக் கிடந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி அந்தப் பலகைக்கு அடியில் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்று ஊருக்கே தெரியும். பெட்டிகளுக்குச் சிவப்புத் துணி போர்த்தி லாரியில் கொண்டுவந்ததை நானும் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்கவைத்தார்கள். எனக்குக் கால் வலித்தது நினைவிருக்கிறது.

பலகையைச் சுற்றி வெள்ளை மணல். எல்வீரா சனிக்கிழமைதோறும் நீளக் காம்பும் மரப் பல்லும் உள்ள வாரியை எடுத்து அந்த மணலில் கோடு இழுப்பாள். எங்கள் கல்லறைகளில் அது இல்லாமல் கூடாது. மீன் முள் மாதிரி கோடு போட்டுக்கொண்டே பின்னால் நடந்து வரவேண்டும், கடைசியில் சொந்தக் காலடியும் தெரியக்கூடாது. கோடு இல்லாத கல்லறை என்றால் அந்தக் குடும்பத்துக்குத் துப்பு இல்லை என்று அர்த்தம், ஊர் பேசும். ஒவ்வொரு கைக்கும் ஒரு வாகு உண்டு. எல்வீரா மூலைக்கு வரும்போது வாரியை ஒரு சுழற்று சுழற்றி அரைவட்டம் போட்டு முடிப்பாள். அவளிடமிருந்து அதைக் கற்றுக்கொண்டவள் ரிம்மா.

ரிம்மா ஸ்மோலென்ஸ்க் பக்கத்துக்காரி. இரண்டு வயதில் அப்பாவை இழந்தவள். மெட்ரைனேயில் புதைத்திருக்கிறோம் என்று அரசாங்கக் கடிதம் சொன்னதால், இருபத்திரண்டு வயதில் கல்லறையைப் பார்க்க வந்து, பால் கறக்கும் வேலையில் சேர்ந்து, இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டாள். பலகையில் நான்காவது பெயர் அவள் அப்பா. அந்த லாரிக்குப் பின்னால் அழுதுகொண்டே நடந்து வந்தவர்களில் அவளும் ஒருத்தி. எல்வீராவும் அவளும் ஒரே வாரியைக் கடைக்குப் பின்னால் வைத்து மாற்றி மாற்றி எடுப்பார்கள். 2009இல் எல்வீரா போன பிறகு சனிக்கிழமையும் ரிம்மாவுடையதாகிவிட்டது.

2022 பிப்ரவரியில் கீவ் மேல் ரஷ்யக் குண்டு விழுந்தது. மறுநாளே பலகையின் நட்சத்திரத்தில் யாரோ கறுப்புச் சாயம் ஊற்றினார்கள். அதன் பிறகு கடையில் ரொட்டி வாங்கப் போனால்கூட வரலாறு இல்லாமல் திரும்ப முடியாது. எழுபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் யார் யார் மேல் பாய்ந்தார்கள் என்பதை, போன வாரம் நடந்த மாதிரி பேசினார்கள். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது, நானும் பேசினேன். பேசியதில் பாதி இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஊராட்சி உறுப்பினர் டிட்ஸிஸ் பலகையை எடுத்தே ஆகவேண்டும் என்றான். முப்பத்தைந்து வயது, கெட்டிக்காரன், கெட்டவனில்லை. அவன் தாத்தாவை 1949 மார்ச்சில் ஏழு வயதில் மாடு ஏற்றுகிற ரயில் பெட்டியில் ஏற்றி சைபீரியாவுக்கு அனுப்பியவர்கள், அந்த நட்சத்திரத்தைத் தொப்பியில் வைத்திருந்தவர்கள்தான்.

"ரஷ்யாக்காரங்க நாப்பதுல வந்தாங்க, நாப்பத்தி நாலுல வந்தாங்க, இப்ப கீவுக்குப் போறாங்க," என்றான் கடையில். "ஒவ்வொரு தடவையும் கையில ஒரே சீட்டு, விடுதலைன்னு. அந்தச் சீட்டைத்தான் நாம கடைக்கு எதிர்ல கான்கிரீட்ல ஊத்தி வெச்சிருக்கோம்."

"எங்கப்பா டிராக்டர் ஓட்டினவர், டிட்ஸிஸ். உங்க ஊர் எந்தத் திசையில இருக்குன்னே அவருக்குத் தெரியாது," என்றாள் ரிம்மா.

"தெரியாதுதான் ரிம்மா. அவருக்குப் பின்னாடி வந்தவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சே."

இரண்டு பேரும் சொன்னது உண்மை. அதுதான் தொந்தரவு. ஒருவர் பொய் சொல்லியிருந்தால் நாங்கள் நிம்மதியாக ரொட்டி வாங்கிக்கொண்டு போயிருப்போம். அம்மாவின் ஊரான ஸ்மோலென்ஸ்கில் குடியேறிவிட்ட ரிம்மாவின் மகன் தினம் போன் செய்து, "பாசிஸ்டுகளுக்கு நடுவுல உக்காந்திருக்கீங்களே அம்மா" என்பானாம். "நான் மைகா கூடதான்டா உக்காந்திருக்கேன், அவ தர்ற காபி மோசம், மத்தபடி ஒண்ணுமில்ல" என்று சொன்னதாக என்னிடம் சொல்லிச் சிரித்தாள். ஆனால் வாரியை இப்போது யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான் எடுத்தாள்.

கோடையில் சட்டம் வந்தது. சோவியத் புகழ் பாடும் நினைவுச் சின்னங்கள் குளிருக்கு முன்னால் போகவேண்டும். கல்லறையானால் கைவைக்கக் கூடாது. எனவே மெட்ரைனேயில் கேள்வி ஒன்றே ஒன்றாகச் சுருங்கியது: பலகைக்கு அடியில் ஆள் இருக்கிறதா, இல்லையா? திறந்து பார்க்க உரிமம் உள்ளவன் சுற்றுவட்டாரத்தில் டாலிஸ் ஒருவன்தான். நான்தான் கடிதம் தட்டினேன். ஊருக்கு வெளியே ஒரு தொப்பி கிடைத்தது என்றாலே பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுகிறவன், இதற்குப் பதிலே போடவில்லை. இயந்திரத்தில் எண்ணெய்க் குழாய் போய்விட்டது என்றான். முதுகு பிடித்திருக்கிறது என்றான். மழை என்றான். ஆகஸ்ட் போய் செப்டம்பரும் போனது. ரிம்மா ஒரு நாள் அலுவலகத்துக்கே வந்து, "டாலிக் எப்ப திறப்பான்? திறந்து பாத்துட்டா வாய மூடிப்பாங்க, எனக்கும் நிம்மதி" என்று கேட்டாள். டாலிஸை டாலிக் என்று செல்லமாகக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான். எனக்கு அவன் மேல் எரிச்சலாக வந்தது.

அக்டோபர் தொடக்கத்தில் காளான் பொறுக்கக் காட்டுக்குப் போனேன். சாம்பல் மேட்டுக்குப் பின்னால் பைன் மரங்கள் நெருக்கமாக நிற்கிற இடம், வழக்கமாக யாரும் போகமாட்டார்கள். காளான் கூடை பாதி நிறைந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது, பாசிக்கு நடுவே ஒரு ஆள் நீளத்துக்கு வெள்ளை மணல். காட்டில் அந்த மணல் கிடையாது, யாரோ சுமந்துகொண்டு வந்திருக்கவேண்டும். மணல் முழுக்க மீன் முள் கோடு. மூலையில் ஒரு அரைவட்டம், எல்வீரா போடுகிற மாதிரியே.

சிலுவை இல்லை, பெயர் இல்லை. ஒளித்துவைக்க நினைத்தவன் பாசியைப் போட்டு மூடியிருந்தால் நான் அதன் மேலேயே நடந்து போயிருப்பேன். ஆனால் எங்கள் ஊரில் பிறந்தவனால் கல்லறையைக் கோடு இழுக்காமல் விட முடியாது, திருடனாக இருந்தாலும் முடியாது. கூடையை எடுத்துக்கொண்டு நேரே டாலிஸ் வீட்டுக்குப் போனேன்.

அவன் முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், இயந்திரம் இன்னும் சரியாகவில்லை என்று ஆரம்பித்தான்.

"சாம்பல் மேட்டுப் பக்கம் போயிருந்தேன். உங்கம்மா கை தெரிஞ்சுது," என்றேன்.

விறகு வெட்டுகிற கட்டை மேல் அவன் உட்கார்ந்தான். அறுபது வருடமாகத் தெரிந்தவன், அவன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

2008 வசந்தத்தில் அந்த ஆளைக் கண்டுபிடித்தானாம், தனியாகப் போன ஒரு நாளில். காலில் ஜெர்மானிய பூட்ஸ். ஆனால் இந்த வேலையில் முதல் பாடமே பூட்ஸை நம்பாதே என்பதுதான். குளிரில் எவன் காலில் நல்ல பூட்ஸ் இருந்ததோ அவன் செத்ததும் அடுத்தவன் கழற்றிப் போட்டுக்கொள்வான், படை கிடை பார்க்கமாட்டான். பொத்தானோ பெல்ட்டோ எதுவும் மிச்சமில்லை. மார்புப் பக்கம் ஒரு அலுமினிய ஸ்பூன் இருந்தது. சிப்பாய்கள் ஸ்பூனில் ஆணியால் பெயர் கீறி வைத்துக்கொள்வார்கள், அதை வைத்துத்தான் பலரை அடையாளம் கண்டிருக்கிறோம். இதிலும் கீறல் இருந்தது. தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தான். வனாகி என்று இருந்தது.

"பேரு இல்ல மைகா. வீட்டுப் பேரு மட்டும்," என்றான். "வீட்டுலேருந்து கிளம்புறப்ப ரெண்டு பேர் ஸ்பூன்லயும் ஒரே கையால கீறிக் குடுத்திருப்பாங்க. என் ரத்தத்தோட ஒப்பிட்டுச் சோதிச்சாலும் வனாகி வீட்டு ஆளுன்னுதான் சொல்லும். அண்ணனா தம்பியான்னு சொல்லாது."

"உங்கம்மா அப்ப உயிரோட இருந்தாங்களேடா."

"இருந்தாங்க. கொண்டு போயிருந்தா மொத கேள்வி என்ன கேப்பாங்க? யாருன்னுதான். பதில் கிடைச்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அடுத்த வருஷம் அவங்களே போயிட்டாங்க."

படிவத்தில் அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்ப முடியாததால் படிவமே வேண்டாமென்று விட்டுவிட்டான். சட்டப்படி தப்பு. அதைக் கேட்டுவிட்டு எழுதாமல் இருந்த நானும் தப்பு. எழுதினால் என்ன ஆகும்? பூட்ஸைப் பார்த்து ஒரு தரப்பு கொடி போர்த்தும், பலகையில் உள்ள பெயரைப் பார்த்து இன்னொரு தரப்பு பூங்கொத்து வைக்கும். இரண்டு தரப்பும் அவர் எலும்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து பேசும்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. 1975இல் அவனுக்கு இருபத்தொரு வயது. லாரி ஓட்டியவன் அவன். மே மாதப் போர் வெற்றி விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது கல்லறைகளைத் தோண்டி வரச் சொன்னார்களாம். பனி உருகி, காட்டுப் பாதை முழங்கால் அளவு சேறு. லாரி உள்ளே இறங்கவில்லை. பண்ணைத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரளைக் குழியில் மணல் எடுத்து மூன்று பெட்டியையும் நிரப்பு, ஆளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். அப்புறம் யாரும் பார்க்கவில்லை. அந்தக் கோடையில் வேறு குழு வந்து குச்சிகளைப் பிடுங்கி, சதுப்பை வடித்து, பைன் கன்று நட்டுவிட்டது. இடம் எதுவென்றே தெரியாமல் போய்விட்டது.

"பெட்டியில மணல் போட்டவன் நான். அந்த மணலுக்குத்தான் அம்மா முப்பத்து நாலு வருஷம் கோடு இழுத்தாங்க. பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

காட்டில் அவன் யாரைத் தேடினான், ஏன் உட்காரவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அல்ஃபோன்ஸைக் கண்டுபிடித்து யாருக்கும் தெரியாமல் பலகைக்கு அடியில் சேர்த்துவிட்டால், அம்மா செய்தது பொய்யில்லை என்று ஆகிவிடும். அவ்வளவுதான் அவன் கணக்கு. அதற்காக நூற்றுப் பன்னிரண்டு பேரைத் தோண்டியிருக்கிறான்.

பிறகு குரலைத் தணித்து, "ஒரு ஆள் போதும் மைகா" என்றான். "உள்ள ஒரே ஒரு ஆள் இருந்தா அது கல்லறை. பலகை நிக்கும். ரிம்மாவுக்கு அவ அப்பா இருப்பாரு."

"ஃப்ரீட்ஸிஸா இருந்தா?"

அவன் எழுந்து மறுபடி விறகை அடுக்க ஆரம்பித்தான். கடைசிவரை அந்த நட்சத்திரத்துக்கு எதிரே நின்று செத்தவரை, அதே நட்சத்திரத்துக்குக் கீழே போட்டு மூடுவதா?

"நான் கண்ணால பாக்கிறதைத்தான் எழுதுவேன்," என்றேன். "பாக்காததை எழுத மாட்டேன்."

நேர்மையான பேச்சு மாதிரித் தெரியும். இல்லை. போடுவதானால் போட்டுவிடு, நான் கேட்கமாட்டேன் என்றுதான் அதற்கு அர்த்தம். அவனுக்கும் புரிந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அவன் போட்டுவிடவேண்டும் என்றே பாதி மனது ஆசைப்பட்டது. சனிக்கிழமை ரிம்மா வாரியோடு வந்து நிற்கிற இடத்தில் ஒரு குழியைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

அடுத்த வியாழக்கிழமை திறப்பதாக அவனே வந்து தேதி கொடுத்தான். புதன் மதியம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவன் நோய் எனக்கும் தொற்றிக்கொண்டது போல. காட்டுக்குப் போனேன். கோடுகள் அன்றைக்குத்தான் இழுத்த மாதிரி புதிதாக இருந்தன. அவர் உள்ளே இருக்கிறாரா, எடுத்துவிட்டானா, எப்படித் தெரியும்? வாரி எல்லாவற்றையும் மூடிவிடும். அதற்குத்தானே வாரி.

வியாழக்கிழமை காலை பத்து மணி. பாதி ஊர் கடை வாசலில் நின்றது. டிட்ஸிஸ் முன்னால், கையைக் கட்டிக்கொண்டு. ரிம்மா நல்ல கோட்டும் தலைத்துணியும் கட்டி, நான்கு கார்னேஷன் பூவோடு வந்திருந்தாள். டாலிஸ் இயந்திரத்தால் பலகையை மட்டும் நகர்த்திவிட்டு, மற்றதைக் கையால் தோண்டினான். ஒவ்வொரு வாளி மண்ணையும் சல்லடையில் கொட்டிச் சலித்தான். நான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு அவன் கைகளையே பார்த்தேன். அந்தக் கைகளில் எலும்பு எப்போது வரும் என்று. ஒன்றே கால் மீட்டரில் துருப்பிடித்த பெட்டி மூலைத் தகடுகள் வந்தன, மூன்று பெட்டிக்குப் பன்னிரண்டு. மக்கிய பலகைத் துணுக்கு. பிறகு மணல், கூழாங்கல், மணல். தொடாத மஞ்சள் களிமண் வரும்வரை போனான். வேறு எதுவும் வரவில்லை.

டிட்ஸிஸ் குழி விளிம்பில் குந்தினான். ஜெயித்தவன் முகம் அவனுக்கு இல்லை. "ஒண்ணுமே இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டான்.

டாலிஸ் ஏணியில் ஏறி மேலே வந்தான். தொப்பியைக் கழற்றினான். அவன் டிட்ஸிஸைப் பார்க்கவில்லை.

"ரிம்மா, உள்ள யாரும் இல்ல. என்னைக்குமே இருந்ததில்ல. பெட்டியில சரளைக் குழி மணலைப் போட்டது நான். எனக்கு ஆரம்பத்துலேருந்தே தெரியும்."

ரிம்மா பூவைக் கீழே போடவில்லை, திட்டவும் இல்லை.

"நீ ஓட்டின லாரிக்குப் பின்னாடி நான் நடந்தேன், டாலிஸ்," என்றாள்.

டாலிக் என்று சொல்லவில்லை. திரும்பி நடந்து போனாள். பூ அவள் கையிலேயே இருந்தது. நான் படிவத்தில் "மனித எச்சம்: இல்லை" என்று எழுதினேன். என் கையெழுத்து கோணலாகப் போயிருக்கிறது, இப்போதும் கோப்பில் பார்க்கலாம்.

செவ்வாய்க்கிழமை பளுதூக்கும் இயந்திரம் வந்து பலகையை எடுத்துப் போனது. பேச்சு அதோடு நின்றிருக்கும் என்று நீங்கள் நினைத்தால் எங்கள் ஊரை உங்களுக்குத் தெரியாது. செத்தவர்கள் விஷயத்திலேயே பொய் சொன்ன ரஷ்யாக்காரர்கள், இப்போது கீவைப் பற்றிச் சொல்வது மட்டும் உண்மையாக இருக்குமா என்று ஒரு கூட்டம் இணையத்தில் எழுதியது. எலும்பையெல்லாம் இவர்களே வாரிக் கொட்டிவிட்டு, காலிக் குழியைக் காட்டுகிறார்கள் என்று எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு கூட்டம் எழுதியது. மூன்று பெட்டி மணல் இரண்டு பேருக்கும் சாட்சி சொன்னது. ரிம்மாவின் மகன் இரண்டாவது கதையைத்தான் நம்பினான். நான் அங்கேயே நின்று பார்த்தேன் என்று அம்மா சொல்லியும் நம்பவில்லை.

டாலிஸ் குச்சி நட்ட பழைய இடத்தைத் தேட ஆரம்பித்தான். காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கயிறு கட்டி, கம்பியோடு விடிந்ததிலிருந்து நடந்தான். தினமும் மாலையில் ரிம்மா வீட்டு வேலிக்கு வெளியே நின்று, இன்றைக்கு எந்தக் கட்டம் முடிந்தது என்று மூடிய கதவுக்குச் சொல்லிவிட்டுப் போவான். கதவு திறக்கவில்லை. முன்பே எடுத்துப் பெயரில்லாமல் அனுப்பிவைத்தவர்களில் ஒருவர் அவள் அப்பாவாக இருந்தால் என்ன செய்வாய் என்று நான் கேட்டதற்கு, "அதையும் யோசிச்சுட்டேன்" என்றான். பத்து நாளில் பாதியாக இளைத்துவிட்டான்.

நவம்பர் முதல் வாரத்தில் ரிம்மா என் அலுவலகத்துக்கு வந்தாள். கையில் வாரி. கடைக்குப் பின்னால் சும்மா கிடந்ததை எடுத்து வந்திருந்தாள். மகனின் பையனுக்குச் சீருடை கொடுத்து ரயிலேற்றிவிட்டார்கள் என்றாள். இருபத்து மூன்று வயது. எங்கே போகிறான் என்று அவனுக்கே சொல்லவில்லையாம். ஸ்பூன் எடுத்துப்போனானா என்று கேட்க நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"காட்டுல யாரோ இருக்காங்கன்னியே. எங்க?" என்றாள். அவளிடம் ஒரு வாரத்துக்கு முன்னால் வாய்விட்டிருந்தேன், எனக்கு ரகசியம் தங்காது.

என் காரில் போனோம். டாலிஸ் அங்கேதான் இருந்தான், கம்பியை மரத்தில் சாய்த்துவிட்டு. இலையும் பைன் ஊசியும் விழுந்து கோடுகள் கலைந்திருந்தன. ரிம்மா அவனைப் பார்க்காமல் மணலைப் பார்த்தாள்.

"இவர் எந்தப் பக்கம்?"

"தெரியாது ரிம்மா."

"எங்கப்பாவைச் சுட்டவரா இருக்கலாம்."

"இருக்கலாம்," என்றான் டாலிஸ்.

ரிம்மா குனிந்து ஊசிகளைக் கையால் பொறுக்கி ஓரமாகப் போட்டாள். வாரியை ஊன்றினாள். தலைமாட்டில் தொடங்கி, கோடு இழுத்துக்கொண்டே பின்னால் நடந்து வந்தாள். எழுபத்தொன்பது வயது, ஒவ்வொரு அடிக்கும் மூச்சு வாங்கியது. நாங்கள் யாரும் உதவிக்குப் போகவில்லை. கால்மாட்டுக்கு வந்து மூலையில் எல்வீராவின் அரைவட்டத்தைப் போட எடுத்தவள், பாதியில் நின்றாள். டாலிஸின் பூட்ஸ் மணல் ஓரத்தில் பதிந்திருந்தது.

"நகரு டாலிக், உன் கால் தடம் விழுது," என்றாள்.

அவன் நகர்ந்தான். அவள் அந்தத் தடத்தின் மேலும் கோடு இழுத்து முடித்தாள்.